வீட்டிலிருந்து எழும் குரலும் போராட்டமே

கவனயீர்ப்புப் போராட்டம் ஒன்று நடந்து முடிந்ததும் முதலில் கேட்கப்படுவது, "எத்தனை பேர் வந்தார்கள்?" என்ற கேள்வியே. வந்தவர்கள் எண்ணப்படுகின்றனர். படுக்கையில் இருந்தவாறே பாராளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதியவரும், வலியைப் பொறுத்துக்கொண்டு மனுவொன்றுக்குக் கையெழுத்துத் திரட்டியவரும் 'வராதவர்கள்' என்றே கருதப்படுகின்றனர். இக்கணிப்பு எவ்வளவு தவறானது என்பதை மாற்றுத்திறனாளிகளின் போராட்ட வரலாறு உணர்த்துகின்றது.

மாற்றுத்திறனாளிகள் தெருவுக்கு அஞ்சியவர்கள் அல்லர். 1977 ஏப்ரலில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், மத்திய அரசுக் கட்டடம் ஒன்றினுள் 100இற்கும் மேற்பட்டோர் புகுந்து ஏறத்தாழ நான்கு வாரங்கள் தங்கினர். அரச நிதி பெறும் நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிகளைப் புறக்கணிப்பதைத் தடுக்கும் விதிமுறைகள் கையெழுத்தாகும் வரை அவர்கள் ஓயவில்லை. ஆயினும் அவர்களுட் பலர் போதிய மருந்தின்றியும் உதவியாளர் இன்றியும் தரையில் உறங்க நேர்ந்தது. அந்த விலையை எல்லோருடைய உடலும் கொடுக்க இயலாது.

பேரணி என்பது நடக்கக்கூடியவர்களை மனதிற்கொண்டே திட்டமிடப்படுகின்றது. பல மணி நேரம் நிற்க வேண்டும். குளிரையும் நெரிசலையும் தாங்க வேண்டும். சக்கர நாற்காலி செல்லக்கூடிய தொடருந்து நிலையமோ கழிப்பறையோ அருகில் இருப்பதில்லை. பொலிஸார் கூட்டத்தைச் சுற்றிவளைத்தால், உரிய வேளையில் மருந்து எடுக்க வேண்டியவர் வெளியேற முடியாது. ஒருநாள் ஊர்வலத்துக்காகப் பல நாட்கள் படுக்கையில் கிடக்க நேர்பவர்களும் உளர்.

இவற்றுக்கு மேலாக மற்றொரு அச்சமும் உண்டு. நிலவாயு எடுப்புக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்ட மாற்றுத்திறனாளிகள் பற்றிய தகவல்களைக் கொடுப்பனவு வழங்கும் அரச திணைக்களத்துக்கு அனுப்பியதாக, 2018 டிசம்பரில் இங்கிலாந்தின் லங்காஷயர் பொலிஸார் ஒப்புக்கொண்டனர். தெருவில் காணப்பட்டதே "இவர் நலமாக உள்ளார்" என்பதற்குச் சான்றாக்கப்படுமாயின், வீட்டிலிருந்து போராடுவதைக் கோழைத்தனம் என எவ்வாறு கூற முடியும்?

அவ்வாறு போராடியோர் சாதித்ததும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான வாழ்க்கைக் கொடுப்பனவை மாற்றியமைக்க பிரித்தானிய அரசு முற்பட்டபோது, சூ மார்ஷ், கலியா பிராங்க்ளின் உள்ளிட்ட, நீண்டகால நோயுடன் வாழ்ந்த சிலர் ஒன்றுசேர்ந்தனர். அரசின் கலந்தாய்வுக்குக் கிடைத்த 500இற்கும் மேற்பட்ட அமைப்புகளின் பதில்களைத் தகவல் அறியும் சட்டத்தின் மூலம் பெற்று ஆராய்ந்தனர். செலவுக்கான பணமும் மாற்றுத்திறனாளிகளிடமிருந்தே சேர்ந்தது. 'ஸ்பார்ட்டகஸ் அறிக்கை' என அழைக்கப்பட்ட அந்த ஆய்வு 2012 ஜனவரி 9இல் வெளியானபோது, வீடுகளில் இருந்தோரே இணையத்தின் வழியாக அதனை நாடெங்கும் பரப்பினர். அதே மாதத்தில், கொடுப்பனவுக்கான தகுதிக் காலத்தை மூன்று மாதங்களிலிருந்து ஆறு மாதங்களாக நீட்டும் திட்டத்தை அரசு கைவிட்டது. சட்டம் முழுவதையும் தடுத்து நிறுத்த முடியவில்லை என்பதும் உண்மையே. தெருவில் நடந்த பேரணிகள் பலவற்றின் கதையும் இதுவேயன்றோ?

2017 ஜனவரி 21இல் வோசிங்டனில் பெண்கள் பேரணி நடந்தபோதும், செல்ல இயலாதோருக்காக எழுத்தாளர் சோனியா ஹியூபர் முதலானோர் இணையப் பேரணி ஒன்றை ஒழுங்குசெய்தனர். ஏறத்தாழ 3,000 பேர் தமது பெயருடன், எதற்காக இணைகின்றோம் என்பதையும் எழுதிப் பதிந்தனர். அமைதியாக ஒன்றுகூடும் உரிமை இணையவழி ஒன்றுகூடல்களையும் உள்ளடக்கும் என ஐ.நா. மனித உரிமைக் குழு 2020இல் தெளிவுபடுத்தியது.

எனினும், வீடு என்பது தெரிவாக இருக்க வேண்டுமே தவிர, ஒதுக்கிவைக்கும் மூலையாக மாறிவிடக் கூடாது. "உங்களுக்குத்தான் இணையம் இருக்கிறதே" எனக் கூறி, மைதானத்தில் சாய்தளமோ இருக்கையோ சைகைமொழி பெயர்ப்போ அமைக்காமல் விடுவது இன்னொரு வகைப் புறக்கணிப்பாகும்.

போரில் அவயவம் இழந்தோரும், நோயாலும் முதுமையாலும் வெளியே செல்ல முடியாதோரும் புலம்பெயர் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலும் வாழ்கின்றனர். பேரணிக்குப் புறப்படும் இளையோர், "நீங்கள் ஓய்வெடுங்கள்" என்று அவர்களிடம் கூறிச் செல்வது அன்பினாலேயே. ஆனால் கோரிக்கை வரையப்படும் கூட்டத்தில் தொலைபேசி வழியாகவேனும் அவர்களையும் இணைத்து, அவர்கள் எழுதும் கடிதத்தையும் மேடையில் வாசிப்பதே உண்மையான மதிப்பாகும். பிள்ளைகளில் ஒருவர் மாற்றுத்திறனாளியாயின், அரசியல் அவருக்குரியதன்று எனப் பெற்றோர் முடிவுசெய்துவிடலாகாது. அரசின் ஒவ்வொரு முடிவும் அப்பிள்ளையின் வாழ்வையே முதலில் தொடுகின்றது. அடுத்த போராட்டத்தின் கணக்கில் அக்குரலும் இடம்பெறச் செய்வது ஏற்பாட்டாளர்களின் கடமையாகும்.