‘கோதுமை கலக்கலை’ன்னா, தூசிகூடக் கலக்கக் கூடாது

நம்ம சந்தைகளில் சிறுதானிய மாவு வாங்க வருகிறவர்களில் சிலர், ‘இதில் குளூட்டன் இருக்கா?’ என்று கேட்கிறார்கள். ‘இல்லவே இல்லைங்க, இது இயற்கை விளைச்சல்’ என்று பட்டென்று சொல்லிவிடுகிறோம். கேட்டவருக்கு சீலியாக் நோய் இருந்தால் அந்தப் பதில் ஆபத்தானது.

சீலியாக் சாதாரண ஒவ்வாமை இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்கும். சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது. ரத்தசோகை வரும், எலும்பு பலம் குறையும், பிள்ளைகளின் வளர்ச்சி தடைப்படும். ஆயுசு முழுக்கக் குளூட்டனை ஒதுக்குவது ஒன்றே வைத்தியம்.

பிரிட்டனில் இந்த நோயாளிகளுக்கு 1968-லேயே சங்கம் தொடங்கிவிட்டார்கள். கோதுமை அதிகம் சாப்பிடும் வட இந்தியாவிலும் குழுக்கள் உண்டு. நம் பக்கம் நோய் குறைவாகவே கண்டறியப்படுவதால், ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கிறார்கள். ‘கோதுமையை விட்டுடுங்க’ என்பதோடு டாக்டர் வேலை முடிந்துவிடும். எந்த மில்லில் அரைப்பது, விசேஷ வீட்டில் எதைத் தொடுவது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு என்ன கட்டிக் கொடுப்பது? இதையெல்லாம் அனுபவப்பட்ட இன்னொருவர்தான் சொல்ல முடியும். துணைக்குழு தேவைப்படுவது இதற்குத்தான்.

அந்தக் குழு கூடுகிற இடமாக நம்ம சந்தையே இருக்கலாம் என்பது என் கருத்து. அவர்கள் சாப்பிடக்கூடிய அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு எல்லாம் விளைவிப்பது நாம்தானே? ஆனால் அதற்கு முன்னால் நம் பக்கத்தைச் சுத்தம் செய்ய வேண்டும்.

முதலில் மாவு மில். குளூட்டன் இல்லாதது என்று லேபிள் ஒட்ட, உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஒரு கிலோ கம்பு மாவில் ஒரு சிட்டிகை கோதுமை மாவு கலந்தாலே அதைத் தாண்டிவிடலாம். கோதுமை அரைத்த மெஷினில் அடுத்து நம் கம்பைப் போட்டால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

அடுத்து, சம்பா கோதுமையும் கப்ளியும் பாரம்பரிய ரகம் என்பதால் இவர்களுக்கு ஆகும் என்று நம்மில் சிலரே சொல்கிறோம். ஆகாது. அவற்றிலும் குளூட்டன் உண்டு.

மூன்றாவது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பது வழக்கம். அதைப் போட்ட கம்பு முறுக்கும் இவர்களுக்கு விலக்குதான்.

இன்னொன்று, வயிற்றுக் கோளாறு என்று வருகிறவரிடம் ‘கோதுமையை நிறுத்திப் பாருங்க’ என்று நாமே வைத்தியம் சொல்லக் கூடாது. ரத்தப் பரிசோதனைக்கு முன்பே நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் முடிவில் தெரியாமல் போகலாம்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் நம் குழுக்கள் சேர்ந்து, கோதுமையே நுழையாத ஒரு மில்லை நடத்தட்டும். சாக்கும் சல்லடையும் தனியாக இருக்கட்டும். சந்தையில் ஒரு பலகை வைத்து, விருப்பப்படும் நோயாளிகள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள வழி செய்வோம். அதுவரை, ‘இது பொது மில்லில் அரைச்சதுங்க’ என்று உண்மையைச் சொல்லிவிடுவோம். வங்கியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: நேரில் பார்க்காத சொத்துக்கு மதிப்புச் சான்று கொடுக்கக் கூடாது. ஒரு விற்பனை போனால் போகட்டும், கேட்டவர் குடல் புண்ணாகக் கூடாது.