ஒரு மொய் நோட்டு, இரண்டு எழுத்தர்கள்

தமிழ்நாட்டில் 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூல்களில், பதினொன்றாம் வகுப்புக்குச் சி பிளஸ் பிளஸ் மொழியும் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் மொழியும் வைக்கப்பட்டன. பைத்தான் நிரலுக்குள்ளிருந்தே சி பிளஸ் பிளஸ் நிரலை இயக்குவது எப்படி என்று ஒரு தனிப் பாடமும் உண்டு. அந்தப் பாடத்தை நடத்தும்போதே மாணவரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு மொழிகளும் ஒரே கோப்பில் எழுதினால், அந்தக் கோப்பு யார் கையில் இருக்கிறது?

ஒரு சோதனை செய்து பாருங்கள். பைத்தான் நிரலில் முதல் வரி, ‘கணக்கு தொடங்குகிறது’ என்று அச்சிடட்டும். இரண்டாவது வரி ஒரு சி பிளஸ் பிளஸ் நிரலை இயக்கட்டும். அது ‘விடை 42’ என்று அச்சிடும். மூன்றாவது வரி ‘முடிந்தது’ என்று சொல்லட்டும். திரையில் எல்லாம் ஒழுங்காக வரும். இனி அதே வெளியீட்டைத் திரைக்குப் பதிலாக ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். கோப்பைத் திறந்தால் ‘விடை 42’ முதலில் நிற்கும். ‘கணக்கு தொடங்குகிறது’ அதற்குப் பின்னால் வரும்! எழுமலையில் பிளஸ் டூ மாணவர் சிலரிடம் இதைச் செய்யச் சொன்னேன். “கணிப்பொறி வரிசையை மாற்றிவிட்டது சார்” என்றார் ஒருவர். கணிப்பொறி எதையும் மாற்றவில்லை.

உசிலம்பட்டி, எழுமலைப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் மொய் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். நோட்டு ஒன்று, எழுத இருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நோட்டை இழுத்து எழுதினால் நேரம் ஆகும். ஆகவே இருவரும் தத்தம் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு, தாள் நிறைந்ததும் நோட்டில் பெயர்த்து எழுதுகிறார்கள். முதலில் வந்த மாமா பெயர் கடைசியில் ஏறினால் வியப்பென்ன?

கணிப்பொறியிலும் இதுதான் நடக்கிறது. இயக்க முறைமையை அழைத்து வட்டில் எழுதச் சொல்வது செலவு மிகுந்த வேலை. அதனால் நிரல்கள் சில ஆயிரம் எழுத்துகளைச் சேர்த்துவைத்து ஒரேயடியாக அனுப்புகின்றன. இந்தத் துண்டுத்தாளுக்குப் ‘பஃபர்’ என்று பெயர். சி மொழிக்கு ஒரு பஃபர், பைத்தானுக்கு வேறொன்று. திரைக்கு எழுதும்போது பைத்தான் ஒவ்வொரு வரியையும் உடனே அனுப்பிவிடுகிறது. கோப்புக்கு எழுதும்போதோ தாள் நிறையும்வரை, அல்லது நிரல் முடியும்வரை காத்திருக்கிறது. சி பிளஸ் பிளஸ் நிரல் அதற்குள் தன் வேலையை முடித்து, தன் தாளைப் பெயர்த்துவிட்டுப் போய்விட்டது.

பழைய பைத்தானில் இந்தத் தொல்லை குறைவு. பைத்தான் 2-இல் ‘கோப்பு’ என்பது சி மொழியின் கோப்புப் பெட்டியின் மேல் போர்த்திய ஓர் உறைதான். சி மொழியில் எழுதிய துணை நிரல், அந்தப் பெட்டியையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இருவருக்கும் ஒரே துண்டுத்தாள். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 இந்த உறவை அறுத்துவிட்டுத் தன் சொந்த ஏற்பாட்டைக் கட்டிக்கொண்டது. பெட்டியை நம்பியிருந்த துணை நிரல்களைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. எழுதியவர்களுக்கு எரிச்சல் வந்தது இயற்கையே.

ஆயினும் அந்த முடிவு சரியானது என்றே கருதுகிறேன். சி மொழியின் பெட்டி எல்லா இடத்திலும் ஒன்றல்ல. விண்டோஸில் ஒரே நிரலுக்குள் இரண்டு சி நூலகங்கள் இருக்க முடியும். ஒன்று உண்டாக்கிய பெட்டியை மற்றொன்றிடம் கொடுத்தால் நிரல் முறிந்து விழக்கூடும். ஒரு சைக்கிள் ஸ்டாண்டு டோக்கனை அடுத்த ஸ்டாண்டில் நீட்டினால் சைக்கிள் கிடைக்குமா? யூனிக்ஸ் வழி வந்த முறைமைகளில் இருவருக்கும் பொதுவானது இயக்க முறைமை தரும் கோப்பு எண். 0 உள்ளீடு, 1 வெளியீடு, 2 பிழைச்செய்தி. நாம் திறக்கும் கோப்புகள் பெரும்பாலும் 3-இலிருந்து. பைத்தான் 3 இப்போது சி நிரலுக்குத் தருவது இந்த எண்ணைத்தான்.

எண் கையில் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 40 வரிகள் கொண்ட மதிப்பெண் பட்டியலைப் பைத்தான் திறந்து ஒரு வரி படிக்கிறது. உண்மையில் அது கோப்பு முழுவதையும் தன் பஃபருக்குள் அள்ளிக்கொண்டுவிட்டது. அதன்பின் கோப்பு எண்ணை வாங்கும் சி நிரலுக்குக் கிடைப்பது வெறும் கோப்பு முடிவு; மற்ற 39 மாணவரும் காணாமற்போவர்! இன்னொன்று இதைவிட மோசம். சி நிரல் வேலை முடிந்ததும் கோப்பை மூடுகிறது; பிறகு பைத்தானும் அதே எண்ணை மூடுகிறது. யூனிக்ஸ் வழிவந்த முறைமைகள் காலியாக உள்ள மிகச் சிறிய எண்ணையே அடுத்த கோப்புக்குத் தரும். இடையில் வேறொரு கோப்பு அந்த எண்ணைப் பெற்றிருந்தால், மூடப்படுவது அந்த அப்பாவிக் கோப்பு. பிழை தெரியும் இடம் ஒன்று, பிறந்த இடம் வேறு. இப்படிப்பட்டதைத் தேடி நாட்கணக்கில் அலையலாம்.

நம்பை என்ற எண்கணிதத் தொகுப்பு இதை எப்படிச் சமாளிக்கிறது என்பது பார்க்கத் தக்கது. சி நிரலிடம் கோப்பைத் தருமுன் அது பைத்தானின் பஃபரைக் காலிசெய்கிறது. கோப்பு எண்ணுக்கு ஒரு நகல் எடுத்து அதையே தருகிறது; சி நிரல் மூடுவது நகலை மட்டும். பைத்தான் எந்த இடம்வரை படித்திருந்ததோ அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. திரும்பி வரும்போது, சி நிரல் விட்ட இடத்தைப் பைத்தானுக்குச் சொல்கிறது. கல்யாண வீட்டு எழுத்தர் எழுந்து போகும்போது தன் தாளைப் பெயர்த்துவிட்டு, அடுத்தவரிடம் “இந்த வரிவரை ஆயிற்று அண்ணே” என்று விரல் வைத்துக் காட்டுவது போலத்தான்.

முதலில் சொன்ன சோதனைக்குத் திருத்தம் மிக எளிது. பைத்தானின் ‘பிரிண்ட்’ கட்டளையில் ‘ஃப்ளஷ்’ என்பதை ‘ட்ரூ’ என்று குறிப்பிடுங்கள். அந்த வரி உடனே பெயர்க்கப்படும். அதைச் சேர்த்தும் சேர்க்காமலும் நிரலை ஓட்டி, இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செய்முறைத் தேர்வில் இந்த ஒரு சோதனை கேட்கப்பட்டால், பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதைவிட அதற்கே அதிக மதிப்பெண் தருவேன்.