கள்ளு காத்திருக்காது

போன மாதம் ஒரு பின்னேரம் என் பழைய மாணவன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். முந்தல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் இரசாயனவியல் படிப்பித்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் பிள்ளைகள் தேடி வருவார்கள், பெரும்பாலும் தங்கள் பிள்ளைகளின் படிப்பு விஷயமாக. இவன் வந்தது அதற்கில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும், கோவிக்கக் கூடாது. இரும்புப் பரல் நல்லமா, அலுமினியச் சட்டி நல்லமா? எதுல சீக்கிரம் வடியும்?"

தென்மேற்குக் காற்று கடலை மூடுகிற மாதங்களில் அவன் களப்போரக் கண்டல் பற்றைக்குள் கசிப்புக் காய்ச்சுகிறான் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் இவ்வளவு நேராக என்னிடம் வந்து கேட்பான் என்று நான் நினைக்கவில்லை. கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அவன் கேட்ட இரண்டும், எந்தப் பாத்திரம், எவ்வளவு நேரம் என்ற இரண்டும், சாராயம் வடிக்கிற தொழிலின் உயிர்நிலையான கேள்விகள். ஸ்கொட்லாந்தில் விஸ்கி வடிப்பவனும் அவற்றைத்தான் கேட்கிறான். அவனுக்குப் பதில் செம்பு வாலையும் ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று வருடமும். களப்போரத்தில் பதில் துருப்பிடித்த பரலும் ஒரே இரவும்.

என் அப்பா தென்னையில் கள்ளுச் சீவியவர். பாளையை நாரால் இறுக்கி, நாட்கணக்கில் தட்டிப் பதப்படுத்தி, காலையும் மாலையும் ஒரு சீவல் சீவி முட்டியைக் கட்டுவார். நேரம் என்றால் என்ன என்பதை நான் முதலில் படித்தது அந்த முட்டியில்தான். விடிந்ததும் இறங்கும் கள்ளில் இனிப்பும் இருக்கும், மெல்லிய புளிப்பும் இருக்கும். பாளைச்சாற்றில் நூற்றுக்குப் பதினைந்து பங்களவில் சீனி. மரத்தில் இருக்கும்போதே காற்றிலிருந்தும் முட்டியின் உள்சுவரிலிருந்தும் ஈஸ்ட் இறங்கி வேலையைத் தொடங்கிவிடும். மத்தியானத்தில் நுரை முட்டியின் வாயை மூடும். மறுநாள் விடிய மதுசாரம் ஐந்து, ஆறு வீதத்தைத் தொட்டிருக்கும். அதற்குப் பிறகு அசற்றிக் அமிலம் உண்டாக்கும் பற்றீரியாவின் முறை. அம்மா அந்தப் புளித்ததை மூடிவைத்து வினாகிரியாக்கி மீன் ஊறப்போட எடுப்பார்.

வடிசாலை லொறி வரும் பாதையில் அப்பா பரல்களோடு காத்திருப்பார். சில நாள் லொறி பிந்தும். சில நாள் வராது. அந்த நாட்களில் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் கள்ளை ஓலைவேலியோரம் சாய்த்து ஊற்றுவார். அந்தப் புளிப்பு மணம் இரவெல்லாம் முற்றத்தில் நிற்கும். இரண்டு நாள் மரமேறிய உழைப்பு அது. வாலை தூரத்தில் இருந்தால் கள்ளுக்கு விலை இல்லை. இதை யாரும் எனக்குப் பாடமாகச் சொல்லித்தரவில்லை, அந்த மணம்தான் சொன்னது.

இனி அவனுடைய பரலுக்கு வருகிறேன். சீனியும் ஈஸ்ட்டும் தண்ணீரும் கலந்து புளிக்கவைத்த கோடா ஒரு அமிலக் கரைசல். நாகம் பூசிய தகரத்தை அது அரிக்கும், அலுமினியத்தையும் அரிக்கும், ஈயப் பற்றாசு வைத்த குழாய் என்றால் ஈயத்தைக் கரைத்துக்கொண்டு வரும். அமெரிக்காவில் பழைய கார் ரேடியேற்றர்களைக் குளிரூட்டும் சுருளாக வைத்துக் காய்ச்சியவர்களின் சாராயத்தைக் குடித்து ஈய நஞ்சேறி விழுந்தவர்கள் எத்தனையோ பேர். செம்பு வேறு மாதிரி. புளித்த கரைசலில் எழும் கந்தகச் சேர்வைகளை அது தன் மேல் பிடித்துக்கொள்கிறது, வடிந்து வருவது சுத்தமாக வருகிறது. தார் இருந்த பரலோ, கிருமிநாசினி இருந்த பரலோ, அதன் பழைய வாழ்க்கையைக் கழுவி எடுக்க முடியாது.

நேரமும் அப்படித்தான். முறையாக வடிப்பவன் தீயை அடக்கி வைத்துக்கொண்டு முதலில் வருவதை ஒதுக்குவான். நகப்பூச்சுப் போல மணக்கும் அது. கடைசியில் வரும் கனத்த, ஈரநாய் மணமுள்ளதையும் ஒதுக்குவான். நடுவில் வருவதை மட்டும் எடுத்து, தேவையென்றால் இன்னொரு தடவை வடிப்பான். இலங்கைத் தென்னஞ்சாராயம் அதன் பிறகு ஹல்மில்ல மரப் பீப்பாய்க்குள் போகிறது. பற்றைக்குள் இருப்பவனுக்கு இது எதற்கும் அவகாசம் இல்லை. பொலிஸ் வருவதற்குள், விடிவதற்குள் முடிக்க வேண்டும். தீயைத் தூக்கிவிடுகிறான், தலையும் வாலும் எல்லாம் ஒரே கேனுக்குள் இறங்குகின்றன.

அவன் சொன்ன இன்னொரு வார்த்தைதான் என்னை உலுக்கியது. "முதல் சொட்டைக் கொட்டிருவேன் டீச்சர், விஷம் அதோட போயிரும்." இது நம் கரை முழுவதும் நம்பப்படுகிற பொய். சீனிக் கோடாவில் மெதனோல் மிகக் கொஞ்சம்தான் உண்டாகும். ஆட்களைக் கூட்டமாகக் கொல்வது யாரோ ஒருவன் பலம் கூட்டவோ விலை குறைக்கவோ ஊற்றும் தொழிற்சாலை மெதனோல். தமிழ்நாட்டில் 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் நடந்தது அதுதான். கள்ளக்குறிச்சிச் சாவு மட்டும் அறுபதைத் தாண்டியது. தண்ணீரும் மதுசாரமும் சேர்ந்த கலவையில் மெதனோல் முதல் சொட்டோடு தனியாக ஓடி வந்துவிடாது. கடைசிவரை கலந்தே வரும். கொட்டுவதால் அது போகாது.

உடலுக்குள் போன பிறகும் அதற்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. குடித்தவன் அன்றிரவு நன்றாகத்தான் இருப்பான். ஈரல் மெதனோலை மெல்ல மெல்லப் போமிக் அமிலமாக்கும். பன்னிரண்டு மணி நேரம், ஒரு நாள் கழித்துத்தான் வயிற்றுவலி, மூச்சு இளைப்பு, பனிமூட்டத்துக்குள் பார்ப்பது போன்ற பார்வை. கூடவே நல்ல சாராயமும் குடித்திருந்தால் அறிகுறி இன்னும் பிந்தும். நேரத்தோடு கொண்டுபோனால் இரத்தச் சுத்திகரிப்பு செய்து காப்பாற்றலாம். "வெறி இன்னும் முறியேல்ல, படுக்கட்டும்" என்று வீட்டார் விட்டுவிடும் அந்த ஒரு காலைதான் கண்ணையும் உயிரையும் எடுக்கிறது.

எனவே நான் சொல்ல வருவது இது. சிலாபத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையில் கள்ளுச் சீவும் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களுக்குச் சிறிய செம்பு வாலைகள் வைக்க அரசு அனுமதிப்பத்திரம் கொடுக்க வேண்டும். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் நம்மை ஆள்கிறது. பெரிய வடிசாலைக்கு அனுமதி உண்டு, பற்றைக்குள் பரலுக்கு வழக்கு உண்டு. இரண்டுக்கும் நடுவில் சிறியவன் நிற்க இடம் வேண்டும். வடமராட்சியில் பனங்கள்ளுக்காகத் திக்கத்தில் வடிசாலை எழுந்த மண் இது. கோவாவில் முந்திரிப்பழத்து ஃபெனியைக் குடும்பங்கள் சிறு செம்பு வாலைகளில் அனுமதியோடு வடிக்கின்றன, 2009இல் அது புவிசார் குறியீடும் பெற்றது. நியூஸிலாந்தில் 1996 முதல் வீட்டுப் பாவனைக்கு வடிப்பது குற்றமே இல்லை. நான் அவ்வளவு தூரம் கேட்கவில்லை. வீட்டுக்கு வீடு வாலை வேண்டாம். மரத்திலிருந்து இறக்கிய கள் அன்றே போய்ச் சேரும் தூரத்தில் ஒரு வாலை, அதற்கு மதுவரித் திணைக்களத்தின் முத்திரை, ஒவ்வொரு வடிப்பிலும் அரச பகுப்பாய்வாளருக்கு ஒரு போத்தல், முதல் சில வருடங்களுக்குக் குறைந்த வரி. வரி குறையாவிட்டால் கசிப்பின் விலையோடு போட்டி போட முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

குடியால் சீரழிந்த வீடுகளை நான் அறியாதவள் இல்லை. சம்பளம் வந்த அன்று பிள்ளைகளோடு என் வீட்டுத் திண்ணையில் வந்து படுத்த பெண்கள் இருக்கிறார்கள். குடிக்காதே என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்தியின் புருஷனுக்கு இப்போது கண் தெரியாது. அவளுடைய கஷ்டம் அதனால் குறையவில்லை, இரட்டித்திருக்கிறது. அவனைக் குடியிலிருந்து எடுப்பது ஒரு வேலை, அவன் குடிப்பதில் நஞ்சில்லாமல் செய்வது இன்னொரு வேலை. முதலாவது முடியும்வரை இரண்டாவது காத்திருக்கட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் மாணவனுக்கு இதையெல்லாம் சொன்னேன். பரலும் வேண்டாம், சட்டியும் வேண்டாம், விட்டுவிடு என்றேன். கேட்டுக்கொண்டிருந்தவன், "சரி டீச்சர், லைசன்ஸ் வாறவரைக்கும்?" என்றான். வீட்டில் மூன்று பிள்ளைகள். கடல் திறக்க இன்னும் இரண்டு மாதம்.

பழைய கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து 1990 என்று அம்புலன்ஸ் நம்பரைப் பெரிதாக எழுதினேன். அதன் கீழ், 'கண் மங்கினால் விடியும்வரை பார்த்திருக்காதே, உடனே கூப்பிடு' என்று எழுதினேன். நான்காக மடித்துச் சேர்ட் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தான்.