பாட்டுக் கேட்கத் தனி லைன்!

வணிகப் பெருமக்களில் பலர் கீழே கடை, மாடியில் வீடு என்று வாழ்பவர்கள். பகலெல்லாம் தராசு முன் நின்றுவிட்டு இரவில் ஒரு மணி நேரம் நல்ல பாட்டுக் கேட்க நினைப்பது நியாயமான ஆசையே. அதற்காக ஆம்ப்ளிபயர், பெரிய ஸ்பீக்கர் என்று தாராளமாகச் செலவு செய்கிறோம். ஆனால் அவற்றுக்கு மின்சாரம் வரும் வயர் எப்படிப்பட்டது என்று கேட்பதில்லை. பிரிட்ஜுக்கும் மிக்சிக்கும் போகும் அதே லைனில் செருகிவிடுகிறோம். நல்ல சரக்கை வாங்கி ஒழுகும் கிடங்கில் அடுக்குவதற்கு ஒப்பானது இது.

பிரிட்ஜின் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். 20 மீட்டர் தூரம் போகும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 15 ஆம்பியர் இழுத்தால், சுமார் 7 வோல்ட் குறைந்துவிடும். அது நிற்கும்போது சுவிட்சில் எழும் பொறி ஸ்பீக்கரில் 'டப்' என்று கேட்கும். டிவி ஒரு லைனிலும் ஆம்ப்ளிபயர் வேறு லைனிலும் இருந்தால், இரண்டு எர்த்துக்கும் இடையே உள்ள வித்தியாசத்தால் 'உம்'மென்ற இரைச்சலும் வரலாம்.

ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. "எர்த் வயரைக் கழற்றிவிடுங்கள், இரைச்சல் நின்றுவிடும்" என்று யோசனை சொல்வோர் உண்டு. இரைச்சல் நிற்கலாம். ஆனால் உள்ளே இன்சுலேஷன் கெட்டால், பெட்டியின் இரும்பு உடலில் 230 வோல்ட் ஏறி நிற்கும். அதைத் தொடுவது நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். பிளக் பாயிண்டில் எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து முடிப்பதும் இதே அளவு ஆபத்தானது. நியூட்ரல் அறுந்தால் பெட்டி முழுவதும் மின்சாரம் பாயும்.

செய்ய வேண்டியது எளிது. வீடு கட்டுவோர், சுவர் பூசும் முன்பே மெயின் போர்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை, எர்த் வயரும் சேர்த்து, தனியாக இழுத்துவிட வேண்டும். அதற்கென 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றும், கசிவு மின்சாரத்தை நிறுத்த 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் தேவை. ஆம்ப்ளிபயர், டிவி, பிளேயர் எல்லாம் அந்த ஒரே லைனில் இருக்கட்டும். கிட்டே இருக்கிறது என்பதற்காகக் கடை மீட்டரிலிருந்து லைன் எடுக்க வேண்டாம். பிறகும் கேபிள் டிவி வயர் வழியாக இரைச்சல் வந்தால், அந்த வயருக்கு ஐசோலேட்டர் வைக்கலாம். எர்த்தில் கை வைக்கக் கூடாது.

இத்தனையும் செய்தால் பாட்டின் இனிமை கூடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரைச்சல் குறையும், உயிருக்குப் பாதுகாப்பு கிடைக்கும், அவ்வளவே. பல ஆயிரம் ரூபாய் விலை சொல்லும் பவர் கேபிளும் அவசியமில்லை. சுவருக்குள் 20 மீட்டர் சாதாரண வயர் ஓடும்போது, கடைசி ஒன்றரை மீட்டரை மட்டும் மாற்றி என்ன லாபம்? அந்தப் பணத்தை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுக்கும் நல்ல எர்த்துக்கும் செலவிடுவோம். கொள்முதலில் காட்டும் கறாரை வயரிங்கிலும் காட்டுவோம்!