எத்தனை ஜிபி என்று கேட்டால் போதுமா?

ரிஷிவந்தியத்திலிருந்து ஒருவர் வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க் வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் அவர் கேட்பது இரண்டே கேள்விகள். எத்தனை ஜிபி? என்ன விலை? கடைக்காரர் திருப்பி எதுவும் கேட்பதில்லை. "எல்லா டிஸ்க்கும் ஒன்னுதான் சார்" என்று எடுத்துக் கொடுத்து விடுகிறார். இந்த ஒரு வாக்கியம்தான் பாதிப் பிரச்சனைக்குக் காரணம்!

2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் தமிழகம் முழுவதும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. எத்தனையோ கிராமத்து வீடுகளில் அதுதான் முதல் கணினி. முதலில் கொடுத்தவற்றில் இருந்தது 320 ஜிபி வன்தட்டு. அதற்கு இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. புதுக் கணினி வாங்க முடியாத வீட்டில் வன்தட்டை மட்டும் மாற்றுவது நல்ல யோசனைதான். ஆனால் தவறானதை வாங்கினால் காசும் போகும், பஸ் செலவும் போகும், சில நேரம் சான்றிதழ் நகல், கல்யாண போட்டோ எல்லாமே போகும்.

முதலில் பொருத்தம். மடிக்கணினிக்கு 2.5 அங்குலம், மேசைக் கணினிக்கு 3.5 அங்குலம். பெரியது 12 வோல்ட் மின்சாரமும் கேட்கும், சின்னதற்கு 5 வோல்ட் போதும். 2.5 அங்குலத்திலும் 7 மி.மீ., 9.5 மி.மீ. என்று தடிமன் உண்டு. 7 மி.மீ. இடத்தில் 9.5 நுழையாது. சாட்டா இணைப்பில் 1, 2, 3 என்ற தலைமுறை வேறுபாட்டுக்குப் பயப்பட வேண்டாம், புதியது பழையதிலும் ஓடும், வேகம்தான் குறையும். ஆனால் பழைய எம்.பி.ஆர். முறையில் பிரித்த வட்டில் சுமார் 2 டிபிக்கு மேல் பயன்படுத்த முடியாது. அப்படிப்பட்ட கணினிக்கு 4 டிபி வாங்கித் தருவது யாருக்கு லாபம்?

அடுத்தது நம்பகம். இங்கேதான் "சீகேட்டா, வெஸ்டர்ன் டிஜிட்டலா" என்று முடிவில்லாத பட்டிமன்றம் நடக்கிறது. வீண் பேச்சு! அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம் தன்னிடம் ஓடும் ஆயிரக்கணக்கான வன்தட்டுகளின் பழுதுக் கணக்கை 2013 முதல் வெளியிட்டு வருகிறது. அதில் சீகேட்டின் ஒரு 3 டிபி மாடல் மிக மோசமாகப் பழுதானது. அதே சீகேட்டின் 4 டிபி மாடல் நன்றாக ஓடியது. ஆக, பார்க்க வேண்டியது பெயரை அல்ல, மாடலை.

நிறுவனங்களும் உத்தமர்கள் இல்லை. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் சில மாடல்களில், எழுதும் வேகம் குறையக்கூடிய எஸ்.எம்.ஆர். முறையைச் சொல்லாமலே புகுத்தியது. 2020-ல் வாங்கியவர்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டது. 2025 தொடக்கத்தில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் வன்தட்டுகள் புதியவை என்று ஐரோப்பியக் கடைகளில் விற்கப்பட்டது தெரிய வந்தது. ஓடிய நேரக் கணக்கையே யாரோ அழித்திருந்தார்கள். தாங்கள் அப்படி விற்கவில்லை என்றது சீகேட். பெரிய ஊர்க் கடைகளுக்கே இந்த நிலை என்றால் மற்ற இடங்களில் கேட்காமல் வாங்கலாமா?

"கிராமத்து ஆளுக்கு இதெல்லாம் புரியுமா?" என்று சிலர் சிரிப்பார்கள். கிணற்றுக்கு மோட்டார் வாங்கும் விவசாயி எத்தனை எச்.பி., சிங்கிள் பேஸா த்ரீ பேஸா என்று கேட்காமல் வாங்குகிறாரா? விதைப் பாக்கெட்டில் காலாவதித் தேதி பார்க்காமல் எடுக்கிறாரா? அதே ஆளுக்கு வன்தட்டு மட்டும் புரியாதா? புரியாது என்று சொல்வது கடைக்கு வசதி, அவ்வளவுதான்.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. பழைய வன்தட்டைக் கழற்றிக் கையில் கொண்டு போவது நல்லது. பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் எழுதச் சொல்ல வேண்டும். அந்த சீரியல் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு வாரண்டி இருக்கிறதா என்று கடையிலேயே பார்க்க வேண்டும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ஓடிய மணி நேரத்தைக் காட்டும். புதியதில் அது கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும். பூஜ்யம் என்பதே முழு உத்தரவாதம் ஆகாது, அதனால்தான் வாரண்டியும் பார்க்கச் சொல்வது. இதற்கெல்லாம் மறுக்கும் கடையில் வாங்கவே கூடாது.

இத்தனை பார்த்து வாங்கினாலும் ஒரு நாள் அது நிற்கும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007-ல் கூகுள் வெளியிட்ட ஆய்வில், பழுதானவற்றில் பாதிக்கும் மேல் முக்கியமான எச்சரிக்கை அறிகுறிகள் எதையும் காட்டவில்லை. நல்ல வன்தட்டு என்று ஒன்று உண்டு, சாகாத வன்தட்டு என்று ஒன்று கிடையாது. வீட்டின் ஒரே கணினியில் இருக்கும் ஒரே நகலை நம்பி யாரும் தூங்கக் கூடாது. இதையும் சேர்த்துச் சொல்லி விற்பவர்தான் கடைக்காரர், மற்றவர் வெறும் வியாபாரி!