பட்டினியும் நினைவாற்றலும்

‘லங்கனம் பரம ஔஷதம்’ என்னும் மூதுரையை எடுத்துக்காட்டி, பட்டினி கிடந்தால் முதுமையில் மறதி நோய் அணுகாது என்று கூறுவோர் இன்று பெருகி வருகின்றனர். இக்கூற்றுக்கு விஞ்ஞான ஆதாரம் எவ்வளவு என்பதைக் களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் அவசியம். கிராமத்து மக்கள் முதலில் விசாரிப்பது அவர்களையே.

உயிரணு ஒவ்வொன்றும் தன்னுள் பழுதுற்ற பகுதிகளைச் சிறு பைகளில் அடைத்து, லைசோசோம் என்னும் செரிமான அறையில் கரைத்து, மீண்டும் பயன்படுத்திக்கொள்கிறது. இதற்குத் தன்னுண்ணல் என்று பெயர். உணவு குறையுங்கால் இது தீவிரமடைகிறது. பட்டினியிட்ட ஈஸ்ட் அணுக்களில் இதனை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி 2016ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றார்.

அல்ஸைமர் நோயில் அமிலாய்டு, டௌ என்னும் புரதங்கள் மூளையில் தேங்குகின்றன. பட்டினியால் தன்னுண்ணலைத் தூண்டினால் இக்கழிவு நீங்கும் என்பது சிலர் வாதம். இதற்கு இரு தடைகள் உள்ளன. முதலாவது, சுண்டெலி ஆராய்ச்சிகளே ஒன்றுபடவில்லை. 2004இல் ஜப்பானில் நடந்த ஆராய்ச்சி, இரு நாட் பட்டினிக்குப் பின்னும் மூளையில் தன்னுண்ணல் மிகவில்லை என்றது. 2010இல் அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி மிகுந்தது என்றது. இரண்டாவது, நோயுற்ற மனித மூளைகளை ஆராய்ந்து 2005இல் அறிக்கை வெளியிட்ட ரால்ஃப் நிக்ஸன் குழுவினர், நரம்பணுக்களில் கரையாத பைகள் குவிந்திருக்கக் கண்டனர். குறை, கழிவைத் திரட்டுவதிலன்றிக் கரைப்பதிலேயே உள்ளது போலும். அடைபட்ட சாக்கடையில் மேலும் நீர் விடுவதால் யாது பயன்? பட்டினி இந்நோயைத் தடுக்கும் என மனிதரிடத்தில் இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

புது தில்லியில் கிட்வாய் நகருக்கு அருகிலுள்ள எய்ம்ஸ் மருத்துவக் கழகம் பங்குகொண்ட தேசிய ஆய்வின்படி, 2023இல் வெளியான மதிப்பீட்டில், நம் நாட்டில் 60 வயது கடந்தோருள் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய்கள் உள்ளன. நகரத்தினும் கிராமத்திலும், ஆடவரினும் பெண்டிரிடத்திலும் இவை அதிகம். கிராமத்து முதியோருள் போதிய புரதமின்றி மெலிந்தோர் பலர். நீரிழிவுக்கு மருந்து உண்போர் பட்டினி கிடந்தால், இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகக் குறையக்கூடும். இவர்களுக்குப் பட்டினியை உபதேசித்தல் தீங்கேயாகும். நம்பிக்கையின்பாற்பட்ட விரதத்தை நாம் குறை கூறவில்லை. அதனை மருந்தென்று பரப்புவதையே மறுக்கிறோம்.

செய்யத்தக்கவை வேறு உள்ளன. லான்ஸெட் ஆணைக்குழுவின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணங்களை முற்றிலும் நீக்கினால் இந்நோய்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என மதிப்பிடுகிறது. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகைபிடித்தல், கேள்விக் குறைவு ஆகியவை அவற்றுட் சில. இளமையிற் கல்விக் குறைவும் அவற்றுள் ஒன்று. முதியோரின் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கும் பணியாளரும், பள்ளியை விட்டு நின்ற சிறுமியை மீண்டும் வகுப்பில் சேர்க்கும் ஆசிரியரும் இந்நோயைத் தடுக்கும் பணியையே செய்கின்றனர். உணவைக் குறைக்கச் சொல்வதினும் இப்பணி பெரிது.