பரணில் தூங்கும் பாட்டுப்பெட்டி

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் கல்யாணம் என்றால் விடிவதற்கு முன்பே ஊருக்கே தெரிந்துவிடும். தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர், கீழே பெஞ்சில் ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் இசைத்தட்டு சுழலும் பிளேயர். விழுப்புரத்தில் பிறந்த சிவாஜியின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959-ல் வந்தது. படம் பார்க்காதவர்கள்கூட அதன் வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தது இந்தத் தட்டுகளின் புண்ணியத்தில்தான்.

கேசட் வந்தது, பிளேயர்கள் பரணேறின. இப்போது அவற்றைத் தேடிப் பிடித்துப் பாட வைப்பது பலருக்கு இனிமையான பொழுதுபோக்கு.

தாத்தா வீட்டுப் பரணில் ஓர் எச்எம்வி ஃபியஸ்டா கிடைத்தால், ஆசையில் உடனே பிளக்கைச் சொருகாதீர்கள். பழைய ஒயரின் உறை வெடித்திருந்தால் ஷாக் அடிக்கும். தெரிந்த மெக்கானிக் பார்த்த பிறகுதான் கரன்ட். பெரும்பாலும் மோட்டார் செத்திருக்காது. கிரீஸ் இறுகிப் பிசினாகியிருக்கும். துடைத்துவிட்டு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சுற்றும். உள்ளே இருக்கும் ரப்பர் சக்கரம் தேய்ந்து வழுக்கினால் பாட்டு இழுக்கும். அதை மாற்றிக்கொள்ளலாம். மேல் பெட்டிக்குப் புதுப் பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள், பார்க்கச் சகிக்காது!

பிளேயர் கெட்டால் சரிசெய்யலாம். தட்டு கெட்டால்? பழைய நாடகப் பாடகர்கள் பலரின் குரல் இன்று தட்டில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் முள்ளில் கவனம் தேவை. 78 வேகத் தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கான முள்முனை எல்.பி. முள்ளைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். அதை எல்.பி.யில் வைத்தால் பள்ளத்தைக் கீறிவிடும். சாவி கொடுக்கும் கிராமபோன் என்றால், ஒவ்வொரு பக்கத்துக்கும் புது எஃகு முள். அதில் எல்.பி.யை வைக்கவே கூடாது.

இன்னொன்று, தட்டைத் துடைப்பது. பழைய 78 தட்டுகள் அரக்கில் செய்தவை. தச்சர்கள் பாலிஷ் போட அரக்கை எதில் கரைக்கிறார்கள்? ஸ்பிரிட்டில். அதே ஸ்பிரிட்டால் தட்டைத் துடைத்தால் பாட்டு பஞ்சோடு வந்துவிடும். மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்டினாலே போதும்.

அந்தப் பக்கம் பழைய சவுண்ட் சர்வீஸ்காரர் யாராவது இருந்தால் போய்ப் பாருங்கள். தட்டை எப்படித் தூக்குவது என்று காட்டுவார்: விரல் பள்ளத்தில் படாமல், இரு உள்ளங்கைகளுக்கு நடுவே, விளிம்பில் மட்டும் பிடித்து.